பெரிய டயர், தூக்கிய சஸ்பென்ஷன்: மின்சார டிரக்கின் ரேஞ்ச் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ரிவியன் ஆர்1டி மின்சார டிரக் வைத்திருக்கிறேன். 33 அங்குல டயரை மாற்றி 35 போட்டதும், யூனிட்டுக்கு 2.4 மைல் தந்த வண்டி 2.0 தான் தருகிறது. பேட்டரியில் கோளாறா?

பதில்: பேட்டரிக்கு ஒன்றும் இல்லை. முதலில் ஓடோமீட்டரைச் சந்தேகப்படுங்கள். 35 அங்குல டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் 6 சதவீதம் கூடுதல் தூரம் உருளும். வண்டிக்கு அது தெரியாது. 100 மைல் என்று அது காட்டும்போது நீங்கள் 106 மைல் வந்திருப்பீர்கள். அப்படியானால் உங்கள் 2.0 உண்மையில் 2.12. இழப்பு 17 சதவீதம் இல்லை, 12 தான்.

அந்த 12-லும் ஒரு பங்கு உங்கள் கால் செய்தது. ஸ்பீடோமீட்டர் 70 காட்டும்போது நீங்கள் 74-ல் போகிறீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும்; இந்த 4 மைலுக்கே எதிர்ப்பு 12 சதவீதம் கூடிவிடும். ஒரு வாரம் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்து ஓட்டிவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள்.

டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எண்ணை, அதாவது லோடு இன்டெக்ஸை, பார்த்துத்தான் வாங்கினீர்களா? இது 3 டன்னைத் தாண்டிய வண்டி.

கேள்வி: சஸ்பென்ஷனை 2 அங்குலம் தூக்கினால் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், குறையுமா?

பதில்: குறையும். ஆர்1டியில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கன்சர்வ் மோடு போட்டால் ஏர் சஸ்பென்ஷன் வண்டியைத் தாழ்த்திக்கொள்ளும். வண்டியைத் தூக்க இடையில் செருகும் துண்டான ஸ்பேசரை வைத்தால் அந்தத் தாழ்வு போய்விடும். அடியில் காற்று கூடுதலாக நுழையும், பம்பருக்குப் பின்னால் மறைந்திருந்த டயர் காற்றுக்கு முகம் காட்டி நிற்கும். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டான சிவி ஜாயின்ட்டும் சீக்கிரம் தேயும். பாறைப் பாதைக்கு என்றால் தூக்குங்கள், பார்வைக்காக வேண்டாம்.

கேள்வி: ஃபோர்டு லைட்னிங் மின்சார டிரக்குக்கு 22 அங்குல ரிம் போடலாமா?

பதில்: 2022 மாடலில் பெரிய பேட்டரிக்கு ரேஞ்ச் 320 மைல். அதே பேட்டரியோடு 22 அங்குலச் சக்கரத்தில் வந்த உயர்ரக பிளாட்டினம் வகைக்கு 300. அதன் கூடுதல் எடைக்கும் இதில் பங்கு உண்டு.

கேள்வி: சக்கரத்தின் கனம்தான் முக்கியக் காரணம். அதை நீங்கள் சொல்லவே இல்லையே?

பதில்: காரணம் அது இல்லை என்பதால்தான். சக்கரத்துக்கு 8 கிலோ கூடியதாக வையுங்கள். சுழல்வதற்காக இரட்டிப்பாக எண்ணினாலும் மொத்தம் 64 கிலோ. பின்சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்தது போல. வேகமெடுக்கச் செலவான மின்சாரத்தில் ஒரு பகுதி பிரேக்கிங்கில் திரும்பிவிடும்.

கேள்வி: ஆனால் நெடுஞ்சாலையில் பிரேக்கே பிடிப்பதில்லையே?

பதில்: சீரான வேகத்தில் சுழல் எடை எதையும் தின்னாது. தின்பது காற்றும் ரப்பரும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கி, டயரின் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள். ஆழமான பட்டன் உள்ள ஆல்-டெரெய்ன் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்தச் சூடு உங்கள் பேட்டரியிலிருந்து போன மின்சாரம்.

கேள்வி: 35 போட்டால் ரேஞ்ச் எவ்வளவு குறையும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஓடோமீட்டரைத் திருத்தாமல் யாரும் எண் கேட்காதீர்கள்.

கேள்வி: வாரன்டி பாதிக்குமா?

பதில்: டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: மலைப்பாதைக்காகக் காற்றைக் குறைத்தேன். திரும்ப எவ்வளவு நிரப்புவது?

பதில்: தார்ச்சாலை ஏறுவதற்கு முன்பே நிரப்புங்கள். ஆர்1டிக்கு 48 பிஎஸ்ஐ, ஆனால் அது தொழிற்சாலை டயருக்கு. டிரக்குக்கான கனமான எல்டி வகை டயர் போட்டிருந்தால் அதே எடையைத் தாங்க இன்னும் கூடுதல் காற்று வேண்டியிருக்கலாம். டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பார்த்து நிரப்புங்கள். லோடு இன்டெக்ஸையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.