ஜூரோங்கில் காரில் இருந்தபடியே படம் பார்க்கும் அரங்கு இருந்ததாமே, அது வசதியானவர்களுக்கும் காதலர்களுக்கும் மட்டும்தானா?

நீங்கள் சிங்கப்பூருக்கு அண்மையில் வந்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அந்த 'மட்டும்தானா' என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

யுவான் சிங் சாலையில், ஜூரோங் ஏரிக்குப் பக்கத்தில் இருந்தது. கேத்தே என்ற திரையரங்கு நிறுவனம் 1971 ஜூலை 14 அன்று திறந்தது. ஏறக்குறைய 900 கார்கள் நிற்கும் அளவுக்குப் பெரிய திடல். அதே இடத்தில் கார் இல்லாதவர்களுக்கென்று 300 பேர் உட்காரத் தனியிடமும் கட்டியிருந்தார்கள். இதை யாருமே சொல்வதில்லை. டிக்கெட் பெரியவர்களுக்கு 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பிள்ளைகளுக்கு 1 வெள்ளி. அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர், எங்கள் வீட்டில் இருந்தது ஒரு சைக்கிள். நாங்கள் முதல் இரண்டு தடவை போனது நடந்துதான், உட்கார்ந்தது அந்த 300 பேரில்தான். காதலர்கள் வரவில்லை என்று சொல்லவில்லை, வந்தார்கள். ஆனால் கோடாலித் தைலத்தைப் பிள்ளைகளின் கைகாலில் தடவிக்கொண்டு, சோற்றுப் பாத்திரத்தோடு வந்த குடும்பங்கள் எத்தனையோ.

மூன்றாவது தடவைதான் வண்டியில் போனோம். 1978 என்று நினைக்கிறேன், எனக்குப் பத்து வயது. பக்கத்து வீட்டு மாமா ரொட்டி வேன் ஓட்டினார். ஒரு சனிக்கிழமை, முதலாளியிடம் கேட்டுவிட்டு எங்களையும் ஏற்றிக்கொண்டார். ஆள் கணக்குக்கு டிக்கெட் என்பதால் சிலர் பிள்ளைகளைக் காரின் பின்பெட்டியில் ஒளித்துவைத்துக் கொண்டுபோவார்கள். பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளட்டுமா என்று அக்கா கேட்டதற்கு அப்பா முறைத்த முறை இன்னும் கண்ணில் நிற்கிறது. எல்லாருக்கும் காசு கொடுத்துத்தான் உள்ளே போனோம்.

வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் தூக்கி நிற்கிற மாதிரி தரையை மேடாக்கியிருப்பார்கள். பக்கத்துக் கம்பத்தில் ஒலிபெருக்கி தொங்கும், அதை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் மாட்டிக்கொள்ள வேண்டும். சத்தம் கரகரவென்றுதான் வரும். இப்போதைய திரையரங்குகளோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் தயவுசெய்து இங்கே வரவேண்டாம், அது எனக்கும் தெரியும்.

அன்றைக்குப் போட்டது ஒரு சீனப் படம். அம்மாவுக்குச் சீனமும் தெரியாது, கீழே ஓடும் ஆங்கில எழுத்தும் தெரியாது. உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அக்கா ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். "இவன் ஏண்டி அவனை அடிக்கிறான்?" என்று அம்மா கேட்பார், அக்கா பதில் சொல்வதற்குள் அடுத்த அடி விழுந்திருக்கும், மாமா ஒரு பக்கம் தப்புத்தப்பாக வேறு கதை சொல்வார். மற்ற திரையரங்குகளில் அம்மா வாயைத் திறந்தாலே முன் வரிசையில் இருந்து யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு படம் முடியும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசமாட்டார். வேனுக்குள் அவரைத் திரும்பிப் பார்க்க யாரும் இல்லை. அம்மா வாய்விட்டுச் சிரித்துப் படம் பார்த்தது அன்றைக்குத்தான். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த இடம் எதற்காக இருந்தது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மற்றவர்களுக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மாமா இஞ்சினை நிறுத்திவிட்டு வைப்பரை மட்டும் ஓடவிட்டார். கடைசி அரை மணி நேரம் இருக்கும்போது பேட்டரி தீர்ந்து வைப்பர் நின்றுவிட்டது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர், அதற்குப் பின்னால் வெளிச்சம் மட்டும் அசைந்தது. படம் முடிந்ததும் பக்கத்துக் கார்களில் இருந்து மலாய்க்காரப் பையன்கள் மூன்று பேர் நனைந்துகொண்டே வந்து வேனைத் தள்ளிவிட்டார்கள்.

இதற்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அம்மா கடைசியாக மருத்துவமனையில் இருந்தபோது, கையெழுத்து வாங்கின தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தமிழில் சொல்ல அங்கே ஒருவரும் வரவில்லை. அப்போதும் அக்காதான் வரிவரியாகப் படித்துச் சொன்னாள். எழுபது வயதில் ஒருவருக்குத் தன் உடம்பைப் பற்றித் தன் மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா? தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

சரி. 1980களில் வீட்டுக்கு வீடு வீடியோ வந்தது, கூட்டம் குறைந்தது. மழையும் ஒரு தொல்லை. படம் முடிந்து வரும் இளைஞர்கள் யுவான் சிங் சாலையில் கார்ப் பந்தயம் ஓட்டுவதும் பெரிய தலைவலியாகிவிட்டது. 1985 செப்டம்பர் 30 அன்று மூடினார்கள். அன்றைக்கு அப்பாவுக்கு இரவு வேலை, நாங்கள் போகவில்லை.

அந்தப் படத்தின் முடிவு எங்களுக்குத் தெரியவே இல்லை. "அந்தத் தம்பி அண்ணனைக் கண்டுபிடிச்சிட்டானா?" என்று அம்மா பல வருடம் கழித்தும் கேட்பார். பெயரும் நினைவில்லை. அண்ணனைத் தேடித் தம்பி ஊர் ஊராகப் போவான், ஒரு படகுத்துறையில் சண்டை வரும், தம்பியின் இடது கையில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். என்ன படம் என்று யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள், அக்காவிடம் சொல்ல வேண்டும்.