காணொளியில் புரிகிறது, நூலில் புரியவில்லை: குறுந்தொகை கற்கும் ஒருவருக்குப் பதில்

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பன்னிரண்டாம் வகுப்போடு எனக்குத் தமிழ்ப் பாடம் நின்றுவிட்டது. ஓராண்டாக யூடியூபில் குறுந்தொகைப் பாடங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பார்க்கும்போது ஒவ்வொரு பாடலும் தெளிவாகப் புரிகிறது. ஆனால் நூலைத் திறந்து, இதுவரை கேட்டிராத ஒரு பாடலை நானாகப் படிக்க முயன்றால் இரண்டாம் அடியைத் தாண்ட முடியவில்லை. நான் எங்கே தவறுகிறேன்? எத்தகைய காணொளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? நேரில் ஆசிரியர் இல்லாமல் சங்கப் பாடல்களைக் கற்க முடியுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: முடியும். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்களைக் கொண்ட குறுந்தொகை, தாமாகக் கற்பவர்களுக்கு மிகவும் ஏற்ற நூல். நான்கு முதல் எட்டு அடிக்குள் பாடல் முடிந்துவிடுவதால், ஒரு பாடலை ஒரு வாரம் முழுவதும் மனத்தில் சுமந்துகொண்டு திரியலாம். உங்கள் சிக்கல் கற்கும் வரிசையில் இருக்கிறது. காணொளியை முதலில் பார்த்துவிட்டுப் பாடலுக்கு வருகிறீர்கள். அப்போது உங்களுக்குப் புரிவது ஆசிரியர் சொன்ன பொழிப்புரைதான், பாடல் அன்று. பொழிப்புரை தற்காலத் தமிழில் இருப்பதால் அது புரிவதில் வியப்பில்லை. பாடலுக்கும் அந்த உரைக்கும் இடையில் ஆசிரியர் செய்த வேலை முழுவதும் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்து முடிந்துவிடுகிறது. நீங்கள் கற்க வேண்டியது அந்த வேலையைத்தான்.

அந்த வேலை என்னவென்று மூன்றாம் பாடலைக் கொண்டு காட்டுகிறேன். தேவகுலத்தார் பாடியது.

நிலத்தினும் பெரிதே வானினு முயர்ந்தன்று
நீரினு மாரள வின்றே சாரற்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தே னிழைக்கு நாடனொடு நட்பே.

பழைய பதிப்புகளில் பாடல் இப்படித்தான் அச்சாகியிருக்கும். இங்குள்ள இடைவெளிகள் சொற்களைப் பிரிப்பவை அல்ல, சீர்களைப் பிரிப்பவை. இதை அறியாதவர் 'மாரள' என்று ஒரு சொல் இருப்பதாக எண்ணி அகராதியில் தேடிச் சோர்ந்துபோகிறார். 'நீரினும் ஆர் அளவின்றே' என்று பிரித்த பிறகே அகராதியால் பயன் உண்டு. 'ஆர்' என்பது 'அரிய' என்னும் பொருளில் வந்த 'அருமை'யின் திரிபு. ஆகவே முதல் தடை சந்தி, அதாவது சொற்கள் சேரும்போது எழுத்துகள் மாறுவது. இத்தடை அஞ்சத்தக்கதன்று. லகரத்தின் பின் நகரம் வந்தால் இரண்டும் சேர்ந்து னகரமாகும், ளகரத்தின் பின் வந்தால் ணகரமாகும் என்ற ஒரு விதியை அறிந்தாலே 'பெயனீர்' என்பது பெயல் நீர் என்றும், சங்கப் பாடல்களில் அடிக்கடி வரும் 'வாணுதல்' என்பது வாள் நுதல் என்றும் விரிந்துவிடும். இத்தகைய விதிகள் பத்துப் பன்னிரண்டு பழகினால் பெரும்பாலான அடிகளைப் பிரித்துவிடலாம்.

இரண்டாம் தடை, அறிந்த சொல் போலத் தோன்றி ஏமாற்றும் சொல். 'வானினும் உயர்ந்தன்று' என்பதை வகுப்பில் முதன்முறை படிக்கும் மாணவர்கள் 'வானைவிட உயர்ந்தது அன்று' என்றே பொருள் சொல்வார்கள். 'அன்று' இன்று நமக்கு எதிர்மறைச் சொல்லாகவே பழகியிருப்பதால் நேரும் பிழை இது. இங்கே 'அன்' சாரியை, 'று' ஒன்றன்பால் விகுதி. பொருள் 'உயர்ந்தது' என்பதே. 'ஆரளவின்று' என்பதும் அவ்வாறே, அளத்தற்கரிய ஆழத்தை உடையது என்ற உடன்பாட்டுப் பொருளைத் தருகிறது. காணொளியில் ஆசிரியர் 'வானைவிட உயர்ந்தது' என்று சொல்லிக் கடந்துவிட்டால், இங்கே ஒரு பள்ளம் இருந்தது என்பதே உங்களுக்குத் தெரியாது. அடுத்த பாடலில் அதே பள்ளத்தில் தனியாக விழுவீர்கள்.

மூன்றாம் தடை சொற்றொடரின் அமைப்பு. பெரிது, உயர்ந்தது, ஆழமானது என்று மூன்று பயனிலைகள் முதலில் வந்துவிடுகின்றன. எது அப்படிப் பெரிது என்பது பாடலின் கடைசிச் சொல்லான 'நட்பே' வரும்வரை தெரிவதில்லை. நிலம், வானம், கடல் என்று உலகளவு விரிந்த மனம், மலைச்சாரலுக்கும் கரிய கொம்பில் பூத்த பூவுக்கும் அதன் தேனுக்கும் குறுகிவந்து ஒரு மனிதனிடம் நிற்கிறது. 'நாடனோடு கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரியது' என்று தொடங்கும் பொழிப்புரை பொருளைச் சரியாகத் தருகிறது, ஆனால் அந்தக் காத்திருப்பை அழித்துவிடுகிறது. கவிதை அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் காணொளிக்கு முன் பாடலைத் தனியாகப் படித்தாக வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

நான்காவதாக ஒன்று உண்டு. காணொளிகள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் அதையே. ஒவ்வொரு பாடலோடும் ஒரு துறைக் குறிப்பு இருக்கிறது. யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்பதை அது சொல்லும். மூன்றாம் பாடலில் தலைவி தன் காதலைத் தானாக வியந்துகொண்டிருக்கவில்லை. தலைவன் மறைவில் நின்று கேட்கிறான்; அவன் விரைந்து மணக்க வேண்டும் என்பதற்காகத் தோழி அவனைப் பழித்துப் பேசுகிறாள்; அதற்கு விடையாகத் தலைவி அவனை உயர்த்திப் பேசுகிறாள். இதை அறிந்தபின் 'நிலத்தினும் பெரிதே' என்பது ஒரு மறுமொழியாக ஒலிக்கத் தொடங்குகிறது. எல்லோரும் அறிந்த நாற்பதாம் பாடலான 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்பதற்கும் இது பொருந்தும். திருமண அழைப்பிதழ் வரை வந்துவிட்ட அப்பாடலை மகிழ்ச்சிப் பெருக்காகவே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். துறைக் குறிப்போ, கூடிய பின் இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் குறிப்பறிந்து தலைவன் கூறியது என்கிறது. செம்மண்ணில் பெய்த நீரை இனிப் பிரிக்க முடியாது என்பது ஓர் அச்சத்துக்குச் சொல்லப்பட்ட ஆறுதல். துறைக் குறிப்புகள் பாடலாசிரியர்களே எழுதியவை அல்ல, பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என்று கருதுவோர் உண்டு. அவற்றை ஏற்பதும் மறுப்பதும் பிறகு உங்கள் உரிமை. படிக்காமல் விடுவது மட்டும் கூடாது.

இனி நடைமுறை. ஒரு வாரத்துக்கு ஒரு பாடல் போதும். முதல் நாள் பாடலை வாய்விட்டுப் பலமுறை படியுங்கள். பொருள் தேட வேண்டாம். குறுந்தொகைப் பாடல்கள் அகவற்பாவால் ஆனவை. அடிக்கு நான்கு சீர், ஈற்றயலடியில் (கடைசிக்கு முந்திய அடியில்) மட்டும் மூன்று சீர் என்ற அமைப்பைக் காது பிடித்துக்கொள்ளட்டும். நாற்பதாம் பாடலில் 'செம்புலப் பெயனீர் போல' என்ற உவமை அந்தக் குறைந்த அடியில் தனித்து நிற்பதை நீங்களே கேட்பீர்கள். அடுத்த நாள் சந்தி பிரித்து எழுதுங்கள், கையால். பிரித்ததைச் சரிபார்க்க மர்ரே எஸ். ராஜம் 1950களில் கொண்டுவந்த சந்தி பிரித்த பதிப்புகளின் வழியில் அமைந்த எந்தப் பதிப்பும் உதவும். தெரியாத சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, சிகாகோ பல்கலைக்கழகத்தின் அகராதித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிறகு, தப்பானாலும் பரவாயில்லை என்று, உங்கள் பொழிப்புரையை நான்கு வரியில் எழுதிவிடுங்கள். அதற்குப் பின்புதான் காணொளி.

இப்போது பாருங்கள், அதே காணொளி வேறாகத் தெரியும். நீங்கள் தடுக்கிய இடத்தை ஆசிரியர் எப்படிக் கடக்கிறார் என்று கவனிப்பீர்கள். அந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் நகர்த்தி, வேகத்தைக் குறைத்து மீண்டும் கேட்கலாம். நேர் வகுப்பில் கிடைக்காத வசதி இது. கடைசியாக உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பைத் திறவுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சங்க நூல்கள் உரையோடு கிடைக்கின்றன. அவர் உரையில் 'முடிபு' என்றொரு பகுதி இருக்கும். பாடலின் சொற்கள் எவ்வாறு ஒன்றோடொன்று சேர்ந்து முடிகின்றன என்று அது காட்டும். நீங்கள் எழுதிய பொழிப்புரையை அந்த முடிபோடு ஒப்பிட்டால் பிழை எங்கே நேர்ந்தது என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். தனியாகக் கற்பவருக்கு அந்தப் பகுதியே ஆசிரியர். குறுந்தொகைக்கு முற்காலத்தில் எழுதப்பட்ட உரை நமக்குக் கிடைக்காமல் போனதை எண்ணும்போது, அந்த ஒரு மனிதரின் உழைப்புக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

காணொளித் தேர்வைப் பற்றி மிகச் சில சொற்கள். பாடலை முழுவதுமாகத் திரையில் காட்டி, நிதானமாக வாய்விட்டுப் படிப்பவரை நம்பலாம். திணை, கூற்று, துறை மூன்றையும் சொல்லித் தொடங்குபவரை இன்னும் நம்பலாம். போட்டித் தேர்வுக்கான பாடங்கள் அடி எல்லை, தொகுத்தவர், பாடியவர் என்று தகவல் தருவதற்காக உருவானவை. அந்தப் பயனை அவை தருகின்றன, ஆனால் பாடலைப் படிக்கக் கற்றுத் தருவதில்லை. இசையும் காட்சியும் நிறைந்த ஐந்து நிமிடக் காணொளியைவிட, கரும்பலகை முன் நின்று ஒரே பாடலை அரை மணி நேரம் விரிப்பவரே உங்களுக்கு உகந்தவர். பாடலில் உள்ளதையும் தாம் சேர்ப்பதையும் பிரித்துச் சொல்கிறாரா என்றும் பாருங்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது என்று ஆசிரியர் சொல்லி, அந்தப் பூவைத் திரையில் காட்டினால் மிக நன்று. செடி, பறவை, நிலம் ஆகியவற்றைக் காட்டுவதில் காணொளிக்கு நிகரில்லை. ஆனால் மூன்றாம் பாடலில் அந்த ஆண்டுக் கணக்கு எங்கும் இல்லை என்பதையும் அவர் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரத்துக்கு 25ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்று தொடங்கும் கபிலர் பாடல் அது. திருமணம் தள்ளிப்போகும் நிலையில் தலைவி தோழியிடம் சொல்வது. 'கள்வன்' என்ற இடத்தில் 'களவன்' என்றும் பாடம், அதாவது மூலத்தில் சொல் வேறுபாடு, உண்டு. இரண்டையும் வைத்துப் பொருள் எழுதிப் பாருங்கள். 'செய்கோ' என்ற சொல்லில் இருக்கும் தன்மை வினையையும், 'தினைத்தாள் அன்ன' என்ற உவமையையும் நீங்களே பிரித்துவிடுவீர்கள். தங்கவேண்டிய இடம் 'குருகும் உண்டு' என்பதிலுள்ள உம்மை. அவர்கள் கூடிய நாளில் சாட்சியாக அங்கே இருந்தது, ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகு. அந்த உம்மையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் காணொளி முடிந்துவிட்டால், வேறோர் ஆசிரியரைத் தேடுங்கள்.