பட்டி, சர்பேசரோடு நிற்கும் காரை ஐப்பசி, கார்த்திகை மழையில் எப்படிக் காப்பாற்றுவது?

டிங்கரிங் முடிந்து, பள்ளம் மேட்டைச் சமமாக்கப் பட்டி பார்த்து, பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சான சர்பேசரும் அடித்தாகிவிட்டது, பெயிண்ட் தை மாதம்தான், அதுவரை துருப்பிடிக்காமல் எப்படி வைத்திருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மழை முடியட்டும் என்று பெயிண்டர் சொல்லியிருப்பார். அவர் மேல் கோபப்படாதீர்கள், ஈரக் காற்றில் அடித்தால் பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும். ஆனால் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்கிறதே, தகரம் மூடித்தானே இருக்கிறது என்று மட்டும் நம்பாதீர்கள். சர்பேசர் தண்ணீரைத் தடுக்காது, உள்ளே விடும். அடியில் இருக்கும் பட்டி அதைவிட மோசம். அதில் நிறைய டால்க் பவுடர்தான், ஈரத்தைக் குடித்துத் தகரத்தின் மேலேயே வைத்துக்கொள்ளும்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. 2020இல் கடலூரில் அப்பாவின் பிரீமியர் பத்மினிக்கு வேலை பார்த்தேன். இரண்டு பக்கமும் கதவுக்கு அடியில் அரித்துப்போன தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தது. தீபாவளிக்குக் கடைப் பையன்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், பொங்கலுக்கு முன்னால் பெயிண்ட் நடக்காது என்று தெரிந்துவிட்டது. "ரெட் ஆக்சைடு ஒரு கை அடிச்சு விட்டா அது பாட்டுக்கு நிக்கும் சார், எதுக்கு வெட்டிச் செலவு" என்றார் மேஸ்திரி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கேயே சுவரோரம் மொட்டைத் தகரமாக ஒரு கதவு சாய்த்து வைத்திருந்தார்கள். யாரோ கை வைத்த இடத்தில் உள்ளங்கையும் விரல்களும் ரேகையோடு துருவாகப் பதிந்திருந்தன. அதைக் காட்டித்தான் பேசினேன். கை வியர்வைக்கே இந்தக் கதி என்றால் கடல் காற்றுக்கு?

தகரத்தைப் பளபளவென்று சுரண்டி, துடைத்து, ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும், தண்ணீரை உள்ளே விடாத எபாக்சி பிரைமர் இரண்டு கோட் அடிக்க வைத்தேன். பட்டி அதற்கு மேலேதான். பட்டி காய்ந்ததும் அதன் மேலும் எபாக்சி. நவம்பர் கடைசியில் நிவர் புயல், அது போன கையோடு புரெவி மழை, எங்கள் மாவட்டமே தண்ணீரில் கிடந்தது. பொங்கல் முடிந்து எமரி பேப்பர் போட்டால் அடியில் தகரம் சுத்தம். அதே கடையில் சர்பேசரோடு நின்ற ஒரு அம்பாசிடரின் பானெட்டில் கடுகு கடுகாகக் கொப்புளம். நகத்தால் கீறினால் பழுப்புத் தண்ணீர் வந்தது. மொத்தத்தையும் உரித்து மறுபடி முதலிலிருந்து செய்தார்கள்.

உங்கள் காருக்கு வருவோம். தின்னர் நனைத்த துணியால் சர்பேசரைத் தேய்த்துப் பாருங்கள். கரைந்து துணியில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது ஹார்டனர் இல்லாத சரக்கு, அதன் மேல் எபாக்சி அடித்தால் சுருண்டு எழும்பலாம், தேய்த்து எடுத்துவிட வேண்டியதுதான். கரையவில்லை என்றால் நல்ல வெயில் நாளில் காயவிட்டு, 180 அல்லது 240 நம்பர் எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்து எபாக்சி அடிக்கலாம். தேய்ப்பது தண்ணீர் விடாமல், தயவுசெய்து. நம் ஊரில் பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதுதான் பழக்கம், நாற்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறோம் என்று சண்டைக்கு வருவார்கள். சுடச்சுடக் காயவைத்து அன்றே பெயிண்ட் அடிக்கிறவர்கள் எப்படியோ போகட்டும், மழையில் இரண்டு மாதம் நிற்கப்போகிற வண்டிக்கு அது சரிப்படாது.

தார்ப்பாயைப் போர்த்திக் கட்டவே கூடாது. ராத்திரியில் தகரம் குளிர்ந்து உள்ளேயே வியர்க்கும், அந்த ஈரம் வெளியேற வழியில்லை. மூங்கில் நட்டுப் பந்தல் மாதிரி உயரத்தில் கட்டுங்கள், நாலு பக்கமும் காற்று போகட்டும். மண் தரை என்றால் தரையிலும் ஒரு ஷீட் விரியுங்கள். கார்பெட், சீட் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள், கதவுக்கு அடியில் இருக்கும் வடிகால் ஓட்டையில் பட்டி அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். கிரீஸ், ஆயில் தடவச் சொல்லுவார்கள், பெயிண்ட் அடிக்கப்போகிற இடத்தில் வேண்டவே வேண்டாம். எவ்வளவு துடைத்தாலும் ஓரத்தில் கொஞ்சம் தங்கி, பெயிண்டில் குழிகுழியாக விழும்.

பழைய வண்டிக்கு ஏன் இவ்வளவு, காயலான் கடையில் போட வேண்டியதுதானே என்று உங்களிடமும் கேட்பார்கள். எனக்கு ஆத்திரமே வரும். 15 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்க 600 ரூபாய் இருந்ததை 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆக்கினார்கள், 2025இல் 20 வருஷம் தாண்டியதற்கு 10,000. பொத்திப் பொத்தி வைத்து மாதத்தில் ஒருநாள் கோயிலுக்கு எடுத்துப்போகிறவனும், புகை கக்கிக்கொண்டு தினமும் ஓடுகிறவனும் ஒரே கணக்கா? வண்டியைப் பார்த்து அல்லவா போட வேண்டும்?

சரி, தை பிறந்ததும் அவசரப்படாதீர்கள். கொஞ்ச நாள் வெயிலில் நிறுத்திவிட்டு, எபாக்சியை 320 பேப்பரால் முழுக்கத் தேய்த்த பிறகுதான் அடுத்த கோட். தேய்க்காமல் அடித்தால் பெயிண்ட் பிடிக்காது, பெயிண்டர் வேண்டாம் என்றாலும் கூடவே நின்று தேய்க்க வையுங்கள்.