கதை சார்ந்த வீடியோ கேம்களில் எந்தக் கதைத் திருப்பம் உங்களுக்கு மிகவும் பிடித்தது? ஏன்?

மூன்று கேம்களின் முடிச்சை அவிழ்க்கப் போகிறேன். பயோஷாக், நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக், ஹெவி ரெய்ன் ஆகியவற்றை இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்விக்குப் பலரும் பயோஷாக்கைத்தான் (2007) சொல்வார்கள். அந்த ஒரு தருணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர்கள் சொல்வது சரி. கடலடி நகரமான ராப்ச்சரில் ஜாக்காக நாம் இறங்கியதும், அட்லஸ் என்பவன் ரேடியோவில் பேசத் தொடங்குகிறான். வேலை ஏவும்போது 'வுட் யூ கைண்ட்லி' என்று பணிவாகச் சேர்த்துக்கொள்கிறான். கேம் என்றால் யாராவது வழி சொல்வார்கள், நாமும் செய்வோம். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? நகரத்தை ஆளும் ஆண்ட்ரூ ரயனின் அறைக்குள் போன பிறகுதான், அந்தச் சொற்களைக் கேட்டால் மறுக்க முடியாதபடி ஜாக்கைப் பழக்கியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. ரயன் தன் கால்ஃப் மட்டையை நம்மிடம் கொடுத்துத் தன்னையே கொல்லச் சொல்கிறான். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பயனில்லை. கை தானாக ஓங்குகிறது. அதுவரை நாம் விரும்பிச் செய்ததாக நினைத்த எல்லாமே அங்கே கெட்டுப்போகிறது.

சரி, அதற்குப் பிறகு? டெனன்பாம் என்ற பெண் விஞ்ஞானி ஜாக்கை அந்தப் பிடியிலிருந்து விடுவிக்கிறார். கையோடு அவரே ரேடியோவில் அடுத்த வேலையைச் சொல்கிறார். நாமும் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிடுகிறோம்!

ஹெவி ரெய்ன் (2010) இந்தப் போட்டிக்கே வராது. நாம் இயக்கும் துப்பறிவாளன் ஸ்காட் ஷெல்பிதான், கதை முழுக்கத் தேடப்படும் கொலைகாரன் என்று கடைசியில் சொல்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் அவன் மனதில் ஓடுவது நமக்குக் கேட்கும். அதில் இதைப் பற்றி மூச்சே இல்லை. பழைய தட்டச்சுப்பொறிக் கடைக்காரரை அவன் கொல்வதையும் நம் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறார்கள். என் கையில் இருக்கும் பாத்திரமே என்னிடம் பொய் சொன்னால் அது திருப்பம் இல்லை, ஏமாற்று.

என் ஓட்டு, ஸ்டார் வார்ஸ் உலகில் நடக்கும் நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்குக்குத்தான் (2003). இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பும் கொடுங்கோலன் ரெவன் வேறு யாருமில்லை, நாம்தான். நம் நினைவை அழித்துத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டது, அந்த உலகின் வீரத் துறவிகளான ஜெடாய்களின் அவை. லெவியத்தான் என்ற விண்கப்பலில், ரெவனின் பழைய சீடனான வில்லன் மாலக் இதைப் போட்டு உடைக்கும்போது, நம்மோடு வரும் ஜெடாய் பாஸ்டிலாவுக்கும் நமக்கும் ஒரே கனவுகள் வந்ததும், வழக்கமாகச் சிறுவர்களையே சேர்க்கும் ஜெடாய் அவை வளர்ந்த ஆளான நம்மை அவசரம் அவசரமாகப் பயிற்சியில் சேர்த்ததும் சட்டென்று பொருந்துகின்றன. துப்பு எதையும் ஒளிக்கவில்லை, நாம்தான் கவனிக்கவில்லை.

இன்னொன்று, உண்மை தெரிந்த பிறகு கேம் நம் கையைப் பிடித்து இழுத்துப் போவதில்லை. கூட வந்தவர்கள் முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்கிறார்கள். பழைய ரெவனாகவே மாறுவதா வேண்டாமா என்பது நம் முடிவு. மாறத் துணிந்தால், கூட வந்தவர்களில் நமக்கு உயிர்க்கடன் பட்ட ஸால்பாரை ஏவி, அவனுடைய நெருங்கிய தோழி மிஷன் என்பவளையே கொல்ல வைக்கலாம். பயோஷாக்கில் ரயனை அடித்தது ஜாக்கின் கை என்று தப்பித்துக்கொள்ளலாம். இங்கே அந்தக் கட்டளைக்கான வசன வரியைத் தேர்ந்தெடுத்து அழுத்துவது நாமேதான்.