12,000 லிட்டர் வண்டி ஒன்றா, 4,500 லிட்டர் வண்டி இரண்டா?

வணக்கம் சார். திருப்பூர் வேகமாக வளர்கிறது, தண்ணீர், நுரை, பவுடர், மீட்புக் கருவிகள் எல்லாம் ஏற்றிய 12,000 லிட்டர் பல்நோக்குத் தீயணைப்பு வண்டி ஒன்றைப் பரிந்துரைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பட்ஜெட் இடம் கொடுத்தால் 4,500 லிட்டரில் இரண்டு கேளுங்கள்.

12,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 12 டன். பனியன் கம்பெனிகள் நெருக்கமாக இருக்கும் சந்துகளில் அந்த நீளமான வண்டியைத் திருப்புவதற்குள் தீ கூரைக்கு ஏறிவிடும். அது பழுதுக்குப் போனால் மீட்புக் கருவிகளும் சேர்ந்தே ஒர்க் ஷாப்பில் கிடக்கும்.

சின்ன டேங்கில் சிக்கலும் உண்டு. நிமிடத்துக்கு 2,000 லிட்டர் பம்ப் முழு வேகத்தில் ஓடினால் 4,500 லிட்டர் இரண்டேகால் நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் பின்னாலேயே தண்ணீர் லாரி வர ஏற்பாடு வேண்டும்.

உங்கள் ஊருக்கு நுரைதான் முக்கியம். பஞ்சுப் பொதியில் மேலே அணைந்த மாதிரி தெரியும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். வெறும் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும். பஞ்சு, துணிக்கான ஏ வகுப்பு நுரை 0.5 சதவீதம் கலந்தாலே நன்றாக ஊறும். 4,500 லிட்டருக்கு 22 லிட்டர் சொச்சம்தான். டீசல், எண்ணெய்த் தீக்கு பி வகுப்பு வேறு, பெரும்பாலும் 3 சதவீதம். இரண்டுக்கும் தனித்தனி டேங்க் கேளுங்கள், கலக்கவே கூடாது.

உயரமான கட்டடங்களுக்கான ஏணி வண்டி வேறு வகை, அதை இந்தப் பரிந்துரையோடு சேர்க்காதீர்கள். அப்புறம், ஆர்டருக்கு முன் டேங்கை நிரப்பி, உங்கள் ஊரின் மிகக் குறுகிய சந்தில் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.