அப்பா ‘விலகினார்’ என்று எழுதியிருக்கிறது

கேள்வி:

அன்புள்ள அக்கா, நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறோம். அப்பாவுக்கு 53 வயது. துவாஸில் ஒரு கிடங்கில் 9 வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். மாதச் சம்பளம் 2,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மூன்று வாரத்துக்கு முன்னால், அவர் வேலை பார்த்த பிரிவை மூடுகிறோம் என்று சொல்லி அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அப்பா படிக்காமலே போட்டுவிட்டார். கடைசிச் சம்பளம் இன்னும் வரவில்லை. வேலை இழந்தவர்களுக்கான உதவித்தொகைக்கு நான்தான் அப்பாவின் சிங்பாஸில் (அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளக் கணக்கு) நுழைந்து படிவத்தை நிரப்ப ஆரம்பித்தேன். வேலையை விட்ட காரணம், அதற்கான சான்று என்ற இடத்தில் நின்றுவிட்டேன், ஏனென்றால் அந்தத் தாளில் அப்பா ‘தானாக விலகினார்’ என்று இருக்கிறது. நிறுவனத்துக்கு ஃபோன் செய்தால் “அடுத்த வாரம் கூப்பிடுங்கள்” என்கிறார்கள். காப்பிக்கடையில் அப்பாவின் நண்பர்கள் ஒருவர் சமூக சேவை அலுவலகத்துக்குப் போ என்கிறார், இன்னொருவர் எம்பியைப் பார் என்கிறார். அப்பாவோ “இதெல்லாம் நமக்கு வராது, விடு” என்கிறார். நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாமா?

– ஈசூன் வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

இந்த இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அப்பா வேலை இழந்து ஒரு மாதம் தாண்டிவிடும். அந்த ஒரு மாதக் கணக்கு முக்கியம் என்பதால், கடிதம் கிடைத்த அன்றே இதன் சாரத்தை உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவது, உங்கள் அப்பாவைப் போலவே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு முழிக்கிற மற்றவர்களுக்காகவும்தான்.

நீங்கள் படிவத்தில் மாட்டிக்கொண்டதாக நினைக்கிறீர்கள். மாட்டியிருப்பது அந்தத் தாளில் உள்ள ஒரு சொல்லில். அதைச் சரிசெய்யாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதே கேள்விதான் வரும்.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் விண்ணப்பிப்பது 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம். இது தன் விருப்பம் இல்லாமல் வேலை இழந்தவர்களுக்கு மட்டும். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுவது, பணிநீக்கம், நோயாலோ விபத்தாலோ வேலை போவது, இவையெல்லாம் கணக்கில் வரும். தானாக விலகியவருக்குக் கிடையாது. மற்றபடி உங்கள் அப்பா பொருந்துவதாகத்தான் தெரிகிறது. 21 வயது கடந்த குடிமகன், சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்குள், வேலை போவதற்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 6 மாதம் வேலை பார்த்தவர். வீட்டின் ஆண்டு மதிப்புக்கும் ஒரு வரம்பு உண்டு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர்கள் அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ஆக, இடிப்பது ‘விலகினார்’ மட்டும்தான்.

அந்தச் சொல் இந்த உதவித்தொகையை மட்டும் பறிக்கவில்லை என்பதையும் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால், அவர் இழப்பீடு கேட்கலாம். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் சிங்கப்பூரில் வழக்கமாகக் கொடுப்பது, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை. அப்பாவின் 9 வருடத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 11,000 வெள்ளியில் ஆரம்பித்து 23,400 வரை போகிறது. உதவித்தொகை முழுதும் வந்தாலும் 6,000தான். ‘தானாக விலகியவர்’ இந்த இழப்பீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. அந்தத் தாளை அவசரமாக நீட்டியதற்குக் காரணம் இதுதானா என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. 2003, சார்ஸ் நேரம். ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எங்கள் லைனையே நிறுத்தினார்கள். “கையெழுத்துப் போடும்மா, அடுத்த வாரம் செக் வந்துவிடும்” என்றார் மேற்பார்வையாளர். போட்டேன். அந்த அடுத்த வாரம் வர மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை வீட்டில் சொல்லாமல் தினமும் காலையில் தோ பாயோ நூலகத்தில் போய் உட்கார்ந்திருப்பேன், குளிர்சாதனத்துக்குக் காசு கிடையாது அல்லவா. அப்போது இப்படி ஓர் உதவித்தொகையும் கிடையாது. அதனால் படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்காக அப்பாவை யாரும் குறை சொல்லாதீர்கள். மனிதவள அதிகாரி எதிரே உட்கார்ந்திருக்கும்போது தாளைப் புரட்டிப் படிக்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

சரி, இப்போது செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

இனி நிறுவனத்துக்கு ஃபோன் செய்யாதீர்கள். “அடுத்த வாரம்” என்று வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. மின்னஞ்சல் எழுதுங்கள், அப்பா பெயரில், எளிய ஆங்கிலத்தில், பத்து வரிக்குள். எந்தத் தேதியில் யார் கூப்பிட்டார்கள், பிரிவை மூடுவதாக என்ன சொன்னார்கள், தாளில் இருப்பதை விளக்காமல் கையெழுத்து வாங்கினார்கள், நான் விலகக் கேட்கவில்லை, ஆட்குறைப்பு என்று குறிப்பிட்டுக் கடிதம் வேண்டும், கடைசிச் சம்பளமும் முன்னறிவிப்புக் காலச் சம்பளமும் வேண்டும். பதிலுக்கு ஒரு தேதியும் போடுங்கள். கோபம் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். ஒப்பந்தத்தில் வேறு காலம் சொல்லப்படாவிட்டால், 5 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு வேலை நியமனச் சட்டப்படி முன்னறிவிப்பு 4 வாரம். கடைசிச் சம்பளத்தைப் பொறுத்தவரை, முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் கடைசி நாளிலேயே தர வேண்டும், முடியாவிட்டால் 3 வேலை நாளுக்குள். முன்னறிவிப்பு இல்லாமல் தானாக விலகியவருக்கே 7 நாள்தான் கெடு. அவர்கள் எழுதிய சொல்லையே எடுத்துக்கொண்டாலும் மூன்று வாரம் தாமதம் தாமதம்தான்.

அதோடு அப்பாவின் கைத்தொலைபேசியைத் துழாவுங்கள். பிரிவு மூடப்படுவதாக மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, கடைசி ஷிஃப்ட் அட்டவணை, அதே நாளில் வேறு யாரெல்லாம் போனார்கள் என்ற பெயர்கள். ஒரே நாளில் ஏழெட்டுப் பேர் ‘தானாக’ விலகினார்கள் என்றால் யார் நம்புவார்கள்? குறைந்தது 10 பேர் வேலை பார்க்கும் நிறுவனம் ஆட்குறைப்பு செய்தால், ஊழியருக்குச் சொன்னதிலிருந்து 5 வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது 2021 நவம்பரிலிருந்து விதி. ‘விலகினார்’ என்று எழுதினால் அந்த வேலையும் மிச்சம்.

இப்போது அந்த ஒரு மாதம். வற்புறுத்தி விலகவைப்பதும் முறையற்ற பணிநீக்கம்தான் என்று 2019லிருந்து சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கான முறையீட்டைக் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். சம்பளப் பாக்கிக்கு 6 மாதம் அவகாசம் உண்டு, இதற்கு இல்லை. இரண்டுமே முதலில் போவது சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணிக்கு, டாட்எம் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அங்கே முதலில் சமரசப் பேச்சு நடக்கும், பெரும்பாலும் நிறுவனத்தின் குரல் அங்கேயே இறங்கிவிடும். கோரும் தொகைக்கு வரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழியாகப் போனால் 30,000. அப்பா சங்கத்தில் சந்தா கட்டியிருந்தால் முதல் அழைப்பு அங்கே போகட்டும். நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருந்து இந்தத் தேதியைத் தவற விடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். “நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று அவர்கள் சொல்லச் சொல்ல இங்கே நாள் கரைந்துகொண்டிருக்கும்.

படிவத்தை அப்படியே விட வேண்டாம். நடந்ததை உள்ளபடி எழுதுங்கள், கையில் இருக்கும் சான்றை இணையுங்கள், டாட்எம்மில் முறையிட்டிருப்பதையும் தெரிவியுங்கள். ‘விலகினார்’ என்ற தாளை மறைக்காதீர்கள். பிறகு வெளியே வந்தால் நம் பேச்சின் மேல் நம்பிக்கை போய்விடும்.

பணம் வரத் தொடங்கிய பிறகும் குழப்பம் வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். தொகை மாதத்துக்கு மாதம் இறங்கும். முதல் மாதம் அதிகபட்சம் 1,500, அடுத்து 1,250, மூன்றாவது 1,000, அதன்பின் மூன்று மாதம் 750. இரண்டாம் மாதம் 250 வெள்ளி குறைந்துவிட்டதே என்று பதறி ஃபோன் செய்ய வேண்டாம், திட்டமே அப்படித்தான். இன்னொன்று, சும்மா இருந்தால் பணம் வராது. வேலைக்கு விண்ணப்பிப்பது, வேலை ஆலோசகரைச் சந்திப்பது, பயிற்சிக்குப் போவது என ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு, மாதத்துக்குத் தேவையான புள்ளியைச் சேர்க்க வேண்டும். அப்பா காப்பிக்கடையில் நாலு பேரிடம் “வேலை இருந்தா சொல்லுங்கப்பா” என்று கேட்பதும் வேலை தேடுவதுதான், ஆனால் அதற்குப் பதிவு எங்கே? விண்ணப்பித்த நாள், நிறுவனம், வந்த பதில் என்று ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வரச் சொல்லுங்கள். நடுவில் வேறு வருமானம் வந்தால், அது பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையானாலும் சரி, மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

“இதெல்லாம் நமக்கு வராது” என்று அப்பா சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒன்பது வருடம் ஆளில்லாத நேரத்தில்கூட ஷிஃப்ட்டுக்குப் போனவருக்குப் படிவம் நிரப்புவது கைநீட்டுவது மாதிரி இருக்கிறது. நீங்கள் அவர் சிங்பாஸை வாங்கி, அவர் தூங்கும்போது எல்லாவற்றையும் முடித்துவிட்டால் அந்த எண்ணம் இன்னும் கெட்டியாகும். அதோடு, சிங்பாஸ் அவருடைய கையெழுத்துக்குச் சமம், வீட்டுப் பிள்ளையானாலும் கொடுக்கக் கூடாது. பக்கத்தில் உட்காருங்கள், அவர் விரல் அழுத்தட்டும். அதிகாரி பேசும் ஆங்கிலம் புரியவில்லை என்றால் தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் நம்முடையதும் ஒன்று, கூச்சப்பட என்ன இருக்கிறது?

இப்படிக் காத்திருக்கும் வீடுகளைத்தான் மோசடிக்காரர்கள் தேடுவார்கள். “உங்கள் உதவித்தொகை தயார், வங்கி விவரம் சொல்லுங்கள்” என்று அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள். அரசாங்க அதிகாரி யாரும் ஃபோனில் பணம் அனுப்பச் சொல்லவோ வங்கிக் கடவுச்சொல் கேட்கவோ மாட்டார். சந்தேகம் என்றால் 1799க்கு அழையுங்கள்.

காப்பிக்கடை ஆலோசனைகளில் ஒன்று சரிதான். சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசாங்க நிதியுதவி) கேட்பதற்கு மற்ற விண்ணப்பத்தின் முடிவு வரக் காத்திருக்கத் தேவையில்லை. 1800-222-0000க்கு அழைத்தால் எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்று சொல்வார்கள். எம்பியை மக்கள் சந்திப்பில் பார்ப்பது, எல்லாம் கொடுத்தும் பதிலே வராமல் கிடக்கும்போது உதவும். அவர் ஒரு கடிதம் எழுதுவார். ஆனால் உங்கள் கையில் மின்னஞ்சலும் முறையீட்டு எண்ணும் இல்லாமல் போனால் அவர் எதைப் பற்றி எழுதுவார்? வீட்டுக் கடன் தவணை இருந்தால், ஒரு மாதமும் தவறாத இப்போதே வீவக கிளையில் பேசிவிடுங்கள். மூன்று மாதப் பாக்கியோடு போகிறவரிடம் பேசுகிற விதம் வேறு.

கடைசியாக உங்கள் படிப்பு. இப்போது நிறுத்த வேண்டாம். அப்பாவுக்கு வர வேண்டியது எவ்வளவு என்று தெரியாமல் எடுக்கும் முடிவு அது, இன்னும் நாலைந்து வாரத்தில் அந்தக் கணக்கு ஓரளவு தெரிந்துவிடும். அதற்குள் உங்கள் பாலிடெக்னிக்கின் மாணவர் சேவைப் பிரிவில் குடும்ப வருமானம் நின்றதைச் சொல்லி நிதியுதவி கேளுங்கள். பீட்டி ரோட்டில் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) இருக்கிறது, அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள். வார இறுதியில் பகுதிநேர வேலை பார்க்கலாம் என்று தோன்றினால் பாருங்கள், தடுக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை வகுப்புக்குப் போங்கள். அதற்கு முன்னால், இன்று இரவே, அப்பாவையும் வைத்துக்கொண்டு அந்த மின்னஞ்சலை எழுதிவிடுங்கள். பெறுநர் வரிசையில் மனிதவள அதிகாரியோடு அவருடைய மேலதிகாரியையும் சேர்க்க மறக்காதீர்கள்.