மதுரைக்குப் பக்கத்தில் தோட்டத்தோடு இருக்கும் பழைய சின்ன விடுதியில் தங்கியிருக்கிறீர்களா? காசுக்குத் தகுமா?

தங்கியிருக்கிறேன். போன மார்கழியில் இரண்டு ராத்திரி, காரைக்குடி பக்கம் ஒரு கிராமத்தில், விடுதியாக மாற்றிய செட்டிநாட்டு வீடு ஒன்றில். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து 90 கிலோமீட்டர் இருக்கும். காசுக்குத் தகுமா என்றால், உங்களுக்கு எந்த அறையைக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

மதுரைக்குள்ளேயே வேண்டுமென்றால் பசுமலை மேலே வெள்ளைக்காரன் காலத்து பங்களா ஒன்று விடுதியாக இருக்கிறது. கோச்சடையில் இன்னொன்று. அதன் பழைய கிளப் கட்டடத்தை 1970களில் வடிவமைத்தவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. வளாகத்துக்குள் ஒரு பெரிய ஆலமரமும் உண்டு. இரண்டிலும் மரம், நிழல், மயில் எல்லாம் தாராளம். ஆனால் நீங்கள் ‘சின்ன’ விடுதி என்று கேட்டிருக்கிறீர்கள், அவை சின்னவை இல்லை.

நாங்கள் நாலு பேர் போனோம். நான், என் வீட்டுக்காரர், பையன், அப்புறம் அத்தை, அதாவது என் மாமியார். மேலூர் வழியாகத் திருப்பத்தூர். 1801ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர் அது என்று பையனுக்குச் சொன்னேன். அவன் போனிலிருந்து தலையைத் தூக்கி ஒரு ‘ம்’ போட்டான். பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு. பதினொரு மணிக்கெல்லாம் விடுதி வாசலில் நின்றோம்.

வாசல் என்னவோ படத்தில் பார்த்தது போலவேதான் இருந்தது. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண், கட்டிப்பிடித்தால் என் கை எட்டாது. சுவர் பளிங்கு மாதிரி வழவழவென்று இருந்தது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்துப் பூசியது என்றார்கள். தொட்டால் டிசம்பரிலும் ஜில்லென்று இருக்கிறது. சரி, அறைக்குப் போகலாம் என்று சாவியை வாங்கிக்கொண்டு வரவேற்பறைப் பையன் பின்னாலேயே நடந்தோம். முகப்பு போயிற்று, பெரிய முற்றம் போயிற்று, இரண்டாம் கட்டு போயிற்று, கொல்லைக் கதவும் வந்துவிட்டது. அதைத் தாண்டித் தோட்டம். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் வரிசையாக நாலு சிமெண்ட் அறைகள், ஓடு மட்டும் பழைய மாடலில். எங்கள் அறை அதுதான்!

முன்பதிவுப் பக்கத்தில் இருந்ததெல்லாம் முற்றத்து அறைகளின் படம். கேட்டதற்கு, ‘ஹெரிடேஜ் ரூம் வேற கேட்டகிரி மேடம்’ என்றான். அந்தக் கேட்டகிரியை எங்கேயும் தெளிவாகப் போடவில்லை. என் வீட்டுக்காரர் கொஞ்சம் சத்தம் போட்டார், நானும் கூடச் சேர்ந்துகொண்டேன், பலன் இல்லை, உள்ளே எல்லாம் நிறைந்துவிட்டதாம். அதனால் முதல் பாடம்: பணம் கட்டுவதற்கு முன் போன் போட்டு, ‘அறை பழைய வீட்டுக்குள்ளேயா, பின்னால் கட்டினதா?’ என்று நேராகக் கேளுங்கள். இணையத்தில் பார்க்கும் படத்தை நம்ப வேண்டாம்.

பழைய வீட்டுக்குள் கிடைத்தாலும் ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். அந்த முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் தூங்குவதற்காகக் கட்டியவை அல்ல. மகன்களுக்குக் கல்யாணம் ஆக ஆக ஆளுக்கு ஒரு அறை, பெரும்பாலும் சீர் சாமானும் பெட்டியும் வைக்க. படுக்கை எல்லாம் வெளியே பத்தியில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், காற்றாட. ஆகவே அறை சின்னது, ஜன்னலும் குறைவு. குளியலறையை இப்போதுதான் எப்படியோ உள்ளே நுழைத்திருக்கிறார்கள்.

அறை விஷயத்தில் நாங்கள் உர்ரென்று இருக்க, அத்தை மட்டும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தோட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அங்கே வயதான தோட்டக்காரர் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு ஆட்டுரலில் மண்ணைக் கொட்டி, என்னவோ குரோட்டன்ஸ் வைத்திருந்தார்கள். அத்தைக்குப் பொறுக்கவில்லை.

“என்னப்பா இது, ஆட்டுரல்ல போயி செடிய வச்சிருக்கீக?”

“மொதலாளி வாங்கியாந்தது ஆச்சி. இந்த வீட்டு ஒரலு இல்ல. இந்த வீட்டு ஒரலு எப்பவோ போயிருச்சு.”

“நான் ஆச்சியெல்லாம் இல்லப்பா, மேலூருக்காரி.”

“இருக்கட்டும் ஆச்சி.”

அப்புறம் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பேசியது எதுவும் விடுதியின் வழவழ கையேட்டில் இல்லை. புல்தரையின் நடுவே பாதை மாதிரி நீளமாக ஒரு கருங்கல் வரிசை. நான் அலங்காரத்துக்குப் போட்டது என்று நினைத்தேன். அதுதான் அடுப்படிச் சுவரின் அஸ்திவாரமாம். செட்டிநாட்டு வீடுகளில் பல ஒரு தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும். முகப்பு, வளவு என்கிற பெரிய முற்றம், இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. எங்கள் தோட்டம் அந்தக் கடைசிக் கட்டு. ஓடு சரிந்து, சுவர் கரைந்து, தேக்கை எல்லாம் கழற்றி விற்ற பிறகு மிஞ்சிய தரையில்தான் புல்லைப் பதித்திருக்கிறார்கள். இந்தச் செம்மண் சீமையில், சொட்டு மழைத் தண்ணீரையும் ஊருணியில் சேர்த்துவைத்த ஊரில், கொரியன் புல்லுக்கு இரண்டு வேளை தண்ணீர்! அத்தை சொன்னதை நான் இங்கே எழுதவில்லை.

இந்த வீடுகள் ஏன் இப்படிப் போகின்றன என்பது எல்லோரும் அறிந்த கதைதான். பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த பணத்தில் கட்டியவை இவை. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்தப் பணவரத்து நின்றது. பிறகு தலைமுறைக்குத் தலைமுறை பங்காளிகள் பெருகி, ஒரு வீட்டில் ஓடு மாற்றுவதற்கே ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் பத்து இருபது பேரிடம் சம்மதம் வாங்க வேண்டும். 2014 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. அதற்கு ஓடு ஒழுகுவது தெரியுமா என்ன! விடுதியாக மாறிய வீடுகளுக்காவது வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே அறைக் கோபத்தைப் பாதி விட்டுவிட்டேன். மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

தோட்டத்தில் நிஜமாகவே பழையவை இரண்டு: ஒரு கிணறு, அதன் ஓரத்தில் ஒரு பவளமல்லி. கிணற்றுக்குக் கம்பி வலை போட்டிருந்தார்கள், ஆனால் உருளை அப்படியே இருந்தது. துணி துவைக்கும் கல்லும் பக்கத்திலேயே, நடுவில் குழிந்து. விடிகாலை நாலரைக்கு ஊர்க் கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கிவிட்டது. ஐந்து மணிக்கு மயில். மயில் அகவும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். தலைமாட்டில் கேட்டால் அது அகவல் இல்லை, அலறல். தூக்கம் போனதும் வெளியே வந்தேன். இருட்டில் கிணற்றடி முழுக்க வெள்ளையாகப் பூ. காம்பு மட்டும் ஆரஞ்சு. கையில் அள்ளினால் காம்பின் நிறம் விரலில் ஒட்டியது. மல்லிகையை முழம் போட்டு வாங்கும் ஊர்க்காரி நான், சும்மா கொட்டிக் கிடக்கும் பூவைப் பார்த்ததும் முந்தானையில் கட்டிக்கொண்டேன். அரை மணி நேரத்தில் எல்லாம் வாடிவிட்டது.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும், மத்தியானம் இலைச் சாப்பாடு. கோழி வறுவலை எல்லோரும் புகழ்வார்கள், எனக்குப் பிடித்தது வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் முழுப் பூண்டும் போட்டுச் செய்வது. கவுனி அரிசிப் பொங்கலுக்கு முதல் நாள் ராத்திரியே சொல்லிவிட வேண்டும், அரிசி ஊற வேண்டுமே. சொல்லாவிட்டால் மறுநாள் அசடு வழிய உப்புமாதான் சாப்பிடுவீர்கள், நாங்கள் சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள் ஆத்தங்குடி. பூக்கல், அதாவது பூவேலைத் தரைக்கல், செய்வதைக் கட்டாயம் பாருங்கள், தரையில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் முழுக் கல்லையும் செய்துவிடுகிறார். கண்ணாடித் தட்டின் மேல் பித்தளைக் கோடு போட்ட அச்சை வைக்கிறார். சின்னக் கரண்டியால் பச்சை ஒரு கட்டத்தில், மஞ்சள் ஒரு கட்டத்தில், கை நடுங்காமல் ஊற்றுகிறார், சிமெண்டில் கலந்த சாயம். அச்சை அப்படியே நேராகத் தூக்குகிறார், கோடு கலையவில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவையை அப்பி மட்டம் தட்டி ஓரமாக வைத்துவிடுகிறார். சூளை கிடையாது. காய்ந்ததும் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறும், கண்ணாடி தானாகக் கழன்று வரும், அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும் என்றார். விடுதிக்குத் திரும்பியதும் என் பையன் முதல் முறையாகப் போனை வைத்துவிட்டு, தரையில் எந்த இடம் அதிகம் மின்னுகிறது என்று குனிந்து பார்த்தான். முன்பு முற்றத்திலிருந்து அடுப்படிக்குப் போன கதவடிதான்.

திரும்பும் வழியில் காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு. பழைய சாமான் கடைகள். கதவு, தூண், மங்குக் கிண்ணம், எனாமல் தூக்கு, சாமி படம், யார் வீட்டுக் கல்யாணப் போட்டோவோ ஒன்று. ஒரு கடை வாசலில் ஐந்தாறு உரல் வரிசையாக இருந்தன. அத்தை ஒவ்வொன்றின் குழியையும் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, ‘இது நல்லா ஆட்டுன கல்லு’ என்று ஒன்றை மட்டும் காட்டினார். விலை கேட்டோம். கேட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டோம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு ராத்திரிக்குப் போகாதீர்கள். மத்தியானம் வந்து காலையில் கிளம்புகிறவருக்குத் தூணும் ஒரு பணியாரமும்தான் கிடைக்கும். இரண்டு ராத்திரி என்றால் தகும். நீச்சல் குளம், குழந்தைகளுக்கு விளையாட்டு என்று தேடுகிறவர்கள் வேறு இடம் பாருங்கள். சித்திரை, வைகாசியில் வாடகை குறையும், ஆனால் வெயில் 40 டிகிரியைத் தொடும், தோட்டம் இருந்தும் உட்கார முடியாது. கொசுவத்தி எடுத்துப் போங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் நிலைப்படிகள் உயரம் என்பதை நினைவில் வையுங்கள், அத்தை ஒவ்வொரு கதவிலும் என் தோளைப் பிடித்துத்தான் தாண்டினார்.

மழை பெய்யும்போது நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, கல் வாய்க்கால் வழியே கிணற்றுக்குப் போகும், அதைப் பார்க்காமல் போறீங்களே ஆச்சி என்று கிளம்பும்போது தோட்டக்காரர் அத்தையிடம் சொன்னார். அன்றையிலிருந்து அத்தைக்கு அதே பேச்சு. ஐப்பசியில் மறுபடி போகிறோம். இந்த முறை அறை முற்றத்தைப் பார்த்ததா என்று போனில் இரண்டு தடவை கேட்டு, வாட்ஸப்பிலும் எழுதி வாங்கியாயிற்று.